துரை பங்களாவில் இருவருக்கு அறை

ஈப்போ கல்லுமலை முருகன் சன்னிதியில் சூடம் அடித்துச் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சித்தியவானுக்கு உள்ளே தள்ளி, நாங்கள் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தின் துரை பங்களாவை இப்போது விடுதியாக்கிவிட்டார்கள். படுக்கையும் காலைப் பசியாறலும் உண்டு. இருவருக்கு என்று அறை எடுத்தேன், எனக்கும் என் மனைவி கருப்பம்மாளுக்கும். அவள் போன தைக்கு முந்தைய தையில் இறந்துவிட்டாள். அதனால் வரவில்லை என்று நினைக்க வேண்டாம். எனக்கு முன்பே வந்து நின்றாள்.

அந்த பங்களாவின் பலகைத் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்தே அவளுக்கு முழங்கால் போனது. அவள் தேய்த்த தரையில் ஓடிய பல்லி ஒன்று வழுக்கிப்போய் லூமுட் கடலில் விழுந்ததை மீன்பிடிக்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தேய்த்தும் அங்கே ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அந்த மாடி ரூமு கட்டில்ல ஒரு தடவ படுத்துப் பாக்கணுங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாக்குக்குத்தான் இந்தப் பயணம்.

முன்வாசலில் தினேஸ்வரி என்ற பெண் சாவியோடு நின்றாள்.

"ரெண்டு பேருன்னு போட்டிருக்கு. பாட்டி எங்க, தாத்தா?"

"பின்னால குசினி வாசல்ல நிக்கிறா. இந்தப் பக்கமா வரமாட்டாளாம்."

"இங்க எல்லாரும் முன்வாசல் வழியாத்தான் வாராங்க லா. கூட்டிட்டு வாங்க."

தோட்டத்து ஆட்கள் முன்படியை மிதிக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். துரை கப்பலேறிப் போனார், ரப்பர் மரமும் போனது, செம்பனை வந்துவிட்டது. கருப்பம்மாளுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

சுற்றிக்கொண்டு பின்னால் சமையல் செய்யும் குசினிப் பக்கம் போனேன்.

"ஏ புள்ள, நீ இன்னைக்கு வேலைக்காரி இல்ல. கெஸ்ட்டு."

"காலெல்லாம் சேறா இருக்கு. தரை கெட்டுப்போவும்."

"செத்தவளுக்கு ஏது காலு?"

"அப்ப நீங்களே போயிப் படுங்க. ஒங்களுக்குத்தான் காலு இருக்கே."

செத்த பிறகும் வாய் குறையவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி, குசினி வழியாகவே மாடிக்குக் கூட்டிப்போனேன். தோட்டத்துக் கூலி லயத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டைவிடக் கட்டில் பெரியது. அதை ஒருமுறை சுற்றிவருவதற்குள் பாதி வழியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். கருப்பம்மாள் விரிப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இருந்தது, அதை நீவிவிட்டாள். பிறகு கீழே, தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள்.

"மேல ஏறு புள்ள. இதுக்குத்தானே வந்தோம்."

"தொட்டுப் பாத்துட்டேன்ல, போதும். காலையில இத வேற ஒருத்தி தொவைக்கணும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. நானும் இறங்கி அவள் பக்கத்தில் படுத்தேன். பலகை சில்லென்று இருந்தது.

காலையில் தினேஸ்வரி இரண்டு தட்டில் நாசி லெமாக் கொண்டுவந்தாள். கலையாத கட்டிலைப் பார்த்தாள்.

"தூங்கவே இல்லையா, தாத்தா?"

"நல்லாத்தான் தூங்குனோம்."

"பாட்டி சாப்பிடலையா?"

"குசினியில தட்டு கழுவிக்கிட்டு இருக்கா. சொன்னா கேக்க மாட்டா."

அவள் தட்டில் இருந்ததையும் நானே சாப்பிட்டேன்.

அறை எடுத்த அன்று, கேட்டுக்கு வெளியிலேயே டாக்சியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். அந்த பங்களாவுக்குள் நான் இன்றுவரை கால் வைத்ததில்லை.