யார் வூட்டுப் பொண்ணு

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்கியதில் அகின்யிக்குக் கால்கள் நடுங்கின. கென்யாவிலிருந்து வந்து விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் படிப்பவள். கோட்டை வாசலில் கிடைத்த நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விடுதியில் அவளுடன் ஒரே அறையில் இருக்கும் கலைமதி, வெள்ளரிப் பிஞ்சு வாங்கச் சாலையைக் கடந்தாள்.

பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்த மீனம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்கூட வந்த பொண்ணா பாப்பா அது? யாரோ ஆபீசரு பேசிக்கினு இருக்காரே?"

கலைமதி திரும்பினாள். சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அட்டை மாட்டியிருந்த ஒருவன் அகின்யியின் முன் நின்றிருந்தான். அவன் கையில் அவளுடைய பாஸ்போர்ட்.

மறுநாள் காலை சென்னையில் விசா நீட்டிப்புக்கு நேரில் போகவேண்டும். அதற்காகத்தான் பாஸ்போர்ட் பையில் இருந்தது. அது போனால் அகின்யியின் படிப்பும் போனதுதான். கலைமதி ஓடினாள்.

"ஃபாரினர் கோட்டைக்குள்ள போட்டோ எடுத்தா வெரிஃபிகேஷன் உண்டு. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஆபீசுக்கு வந்து வாங்கிக்கங்க" என்றபடி அவன் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினான்.

"சார், உங்க கார்டைக் காட்டுங்க."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீ யார் வூட்டுப் பொண்ணு? எந்த ஊரு?"

கலைமதியின் தலை தானாகக் குனிந்தது. கடையிலும் பஸ்ஸிலும் கோயிலிலும் பிறந்ததிலிருந்து கேட்டுவரும் கேள்வி. பாசமாகத்தான் தொடங்கும். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெரு தெரிந்ததும் கேட்டவரின் குரல் மாறும். அதனால் 'செஞ்சி பக்கம்' என்று மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டு, வேறு பக்கம் பார்க்கப் பழகியிருந்தாள். இவனுக்குத் தன் நைனாவைத் தெரிந்திருக்க வழியே இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது. நாக்குதான் எழவில்லை. முன்னால் நிற்பவனுக்குப் பயப்படவில்லை, அந்தக் கேள்விக்குத்தான் பயப்படுகிறோம் என்று அவளுக்குப் புரிந்தபோது, அவன் ஒரு காலை ஆட்டோவில் வைத்துவிட்டான்.

அகின்யி எழுந்தாள். இங்கே எவரையும் முறை சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று கலைமதி விடுதியில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது இருந்ததே, அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அக்கா! அண்ணா! பெரியம்மா! சித்தப்பா! இவர் என் பாஸ்போர்ட் எடுத்துட்டார்!"

சாலையே திரும்பியது. ஆட்டோ ஓட்டிவந்த பச்சமுத்து எஞ்சினை அணைத்தான். மீனம்பாள் கத்தியோடு வந்துவிட்டாள். "எம்மாம் வாய் நெறைய கூப்புடுது பாரு! இன்னாய்யா, எதுக்கு அது பொருள நீ வெச்சிக்கினு இருக்க?"

"ஆபீஸ் விஷயம்மா. இந்தப் பொண்ணக் கேளு, எந்த ஊருன்னா பதிலே இல்ல."

எல்லோரும் கலைமதியைப் பார்த்தார்கள்.

"சொல்றேன். தளவானூரு காலனி. தங்கராசு பொண்ணு, கலைமதி."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. கூட்டத்தில் ஒரு முகம் சுருங்கியதையும் கண்டாள். சுருங்கட்டும். மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. தானும் நின்ற இடத்தில்தான் நிற்கிறோம் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

"நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க யார் வூட்டு ஆளு?"

அவன் ஆட்டோவில் வைத்த காலை எடுத்தான். "அவலூர்பேட்டை."

"அட, நம்மூரு!" என்றான் பச்சமுத்து. "எந்தத் தெருவு? யார் மவன் நீ?"

"அது... பஸ் ஸ்டாண்டுகிட்ட..."

"பஸ் ஸ்டாண்டுக்கா பொறந்த?" என்றாள் மீனம்பாள்.

சாலையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கலைமதி கை நீட்டிப் பாஸ்போர்ட்டை உருவினாள். அகின்யி அவன் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஏதோ செல்போன் கடை விளம்பரம். பச்சமுத்து அவன் தோளில் கைபோட்டு ஆட்டோவில் அழுத்தி உட்காரவைத்தான். "வா, ஸ்டேஷன்ல வந்து தெருவச் சொல்லு."

விழுப்புரம் பஸ்ஸில் அந்தக் கேள்வியின் முழுக் கதையையும், அது எங்கே குத்தும் என்பதையும் கலைமதி முதல்முறையாக ஒருத்தியிடம் சொன்னாள். அகின்யி பாஸ்போர்ட்டைப் பையின் அடியில் வைத்தாள். "விடுதிக்குப் புதுசா வர்ற எல்லாருக்கும் இதைச் சொல்லித் தருவேன். வழியில யாராவது பாஸ்போர்ட் கேட்டா, 'நீங்க யார் வூட்டு ஆளு'ன்னு முதல்ல நாம கேட்கணும்" என்றாள்.

முன் சீட்டு அம்மாள் திரும்பி அகின்யியை ஆசையாகப் பார்த்தாள். "நீ யார் வூட்டுப் பொண்ணும்மா?"

அகின்யி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கிசுமு ஊரு. ஒதியாம்போ பொண்ணு, அகின்யி. நீங்க, பெரியம்மா?"