இடது கையால் வெட்டிய மரம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். அவசரப்பட்டு அங்கே ஓடிவிடாதீர்கள். நடுவில் இருப்பதை எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஈப்போவில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது, புனிதாவின் மனத்திலும்..." வேண்டாம். ஈப்போவில் எந்த மத்தியானம்தான் மழை பெய்யவில்லை? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "புனிதாவுக்கு நிரோஷாவைப் பார்த்தாலே வயிறு எரியும்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

புனிதாவுக்கு நிரோஷாவைப் பார்த்தாலே வயிறு எரியும். இருவரும் ஈப்போவில் ஒரு கல்லூரியின் ஊடக வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. புனிதாவின் அம்மா கலாதேவி சுங்காய் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது உளியால் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியதும் ஈப்போவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். நிரோஷாவின் அப்பா யாழ்ப்பாண வழிவந்த வக்கீல். அவளிடம் சொந்தக் கேமராவும் மூன்று லென்சும் இருந்தன. (இரண்டுதான். பொறாமை எண்ணும்போது ஒன்று கூடத்தான் செய்யும்.)

வகுப்பில் கொடுத்த வேலை இது: இன்னும் எடுக்காத ஒரு முழுப்படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரின் படத்தை மதிப்பிட்டுத் தாள் நிரப்ப வேண்டும். படத்துக்குக் கிடைக்கும் நூறில் இருபது மதிப்பெண் அந்தத் தாளில்தான். முதலாவதாக வரும் ஒரே ஒரு படம் கோலாலம்பூர் மாணவர் திரைவிழாவுக்குப் போகும். புனிதா அந்த ஒரே ஒன்றுக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் எடுத்தது பழைய ஈப்போவின் சந்துகளில் சிவப்புக் குடையோடு நடக்கும் ஒரு பெண்ணை. பதினொரு தடவை வெட்டி ஒட்டினாள்.

நிரோஷா அவளிடம், "உங்கம்மாவ வச்சு எடுக்கலாமாலா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கோயேன்," என்றாள் புனிதா. தான் போனைத் தூக்கினாலே முகத்தை மறைத்துக்கொள்ளும் அம்மா, இவளுக்கா ஒத்துக்கொள்ளப் போகிறார் என்ற தைரியம்தான்.

கலாதேவி வேலைக்கு லீவு போட்டார். பழைய முழுக்கைச் சட்டையைத் தேடி எடுத்து மாட்டினார். பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் சாய்க்காமல் விட்டிருந்த ரப்பர் மரங்களைக் காட்ட, நிரோஷாவின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து சுங்காய்க்குப் போனார்.

வகுப்பில் படம் ஓடியது. திரை கறுப்பாக இருக்க, கலாதேவியின் குரல் மட்டும் வந்தது: "எனக்குப் பாட்டு நல்லா வரும். ஒரு நிரை மரம் முடியுற வரைக்கும் சத்தமாப் பாடிக்கிட்டே வெட்டுவேன். கல்யாணத்துக்கப்புறம் விட்டுட்டேன்." அதன்பின் அவர் நடந்து வந்தார், மரத்தடியில் குனிந்தார், உளி பட்டையில் இறங்கியது.

அம்மா பாடுவார் என்பது புனிதாவுக்கு அன்றுதான் தெரியும். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு, பத்தொன்பது பேர் நடுவில் தெரிந்தது.

ஆசிரியர் ஸ்கந்தராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் ஓபனிங்." புனிதாவின் படம் முடிந்தபோது, "குடை நல்லா இருக்கு. ஆனா யாரோட குடை?" என்றார்.

3

அன்று சாயங்காலம் கலாதேவி மகளின் போனில் படத்தைப் பார்த்தார்.

"ஏய், நில்லு நில்லு. நிப்பாட்டு. இது நான் வெட்டின மரமா? கோடு எதிர்ப்பக்கம் சரியுது பாரு. எடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ, அப்படித்தான் வெட்டுவோம். அட, உளியும் எடது கையில இருக்குலா!" விழுந்து விழுந்து சிரித்தார்.

புனிதாவுக்குச் சட்டென்று விளங்கியது.*

* முந்திய காட்சியில் கலாதேவி இடமிருந்து வலமாக நடக்கிறார். அடுத்ததில் முகம் எதிர்ப்பக்கம் இருந்ததால், பார்க்க ஒட்டவில்லை என்று நிரோஷா ஒரு பொத்தானை அழுத்திக் காட்சியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிவிட்டாள். மரம் வெட்டியவர்கள் வீட்டில் பிறந்த யாரும் அந்தப் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

"பாவம், அந்தப் புள்ளைக்கு என்னா தெரியும்," என்றார் கலாதேவி. "தாளுல எழுதிக்கிழுதி வச்சிடாதே."

"அவளுன்னா மட்டும் ஒனக்கு உருகுதா?"

"என்னா பேசற நீ?"

"எனக்கு ஒரு நாளாச்சும் பாடிருக்கியாமா?"

"நீ கேட்டியா?" என்றார் கலாதேவி. "அவ கேட்டா."

புனிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மதிப்பீட்டுத் தாளில் கடைசிக் கட்டம், "குறைகள்." பேனாவை எடுத்தாள். எடுத்து,

4

இதற்குமேல் எனக்குத் தெரியாது. நிரோஷா நான்தான்.

ஆகவே மேலே புனிதாவின் வயிறு எரிந்ததெல்லாம் நான் போட்ட தீ. அம்மாவும் மகளும் போட்ட சண்டை நிஜம். போன மாதம் தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது கலாதேவி ஆன்ட்டி முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சிரிப்பாகச் சொன்னார். புனிதா அப்போது வீட்டில் இல்லை.

எனக்கு அந்தத் தாளில் இருபதுக்கு இருபது வந்தது. "குறைகள்: எதுவும் இல்லை." புனிதா இரண்டாவதாக வந்தாள். எங்களுக்குள் ஒன்பது மதிப்பெண்தான் வித்தியாசம். அவள் பத்தைக் குறைத்திருந்தால் குடைதான் கோலாலம்பூருக்குப் போயிருக்கும்.

நான் போனேன். படம் முடிந்து மேடையில் நின்றபோது பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "தங்கச்சி, ஒங்க தோட்டத்துல எல்லாருமே எடது கைக்காரங்களா?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. அவர் என்ன கேட்டார் என்றே புரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். தீபாவளிக்கு ஆன்ட்டி சொன்ன பிறகுதான் விளங்கியது. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சரி, சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். பொறாமை என்னுடையது. "எனக்கு ஒரு நாளாச்சும் பாடிருக்கியாமா" என்று அந்த அம்மாவிடம் சண்டை பிடிக்க உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். நான் கேட்டேன், பாடிக் காட்டினார், நன்றி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுக் கேமராவை மூடி வைத்தேன்.

5

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன்.

(அ) புனிதா பொறாமையில் வெந்தாள். போகட்டும், மரம் வெட்டியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் போய் அவமானப்படட்டும் என்று நினைத்து, "எதுவும் இல்லை" என்று எழுதினாள்.

(ஆ) அம்மா சொன்னார் என்பதற்காக, தன் ஒரே வாய்ப்பை விட்டுக்கொடுத்து, "எதுவும் இல்லை" என்று எழுதினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவளையே கேட்கலாமே என்பீர்கள். எண் போனில் இருக்கிறது. நேற்று இரண்டு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன்.

(அ) என்றால் கணக்கு நேர். நான் அவள் அம்மாவை எடுத்தேன், அவள் என் மேடையை எடுத்தாள். நாளைக்கே கூப்பிட்டு, கழுதை, இப்படிப் பண்ணிட்டியே என்று திட்டிவிட்டு ஒன்றாகத் தேநீர் குடிக்கப் போகலாம். (ஆ) என்றால், என்னிடம் இருந்ததெல்லாம் இரண்டு லென்சும்... இந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

நீங்களே தேர்ந்தெடுங்கள். (ஆ) என்று தோன்றினால் மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.