மரத்துப்போன கால்களின் சங்கம்

தரையில் ரத்தத்தை முதலில் பார்த்தது தலைவரின் மனைவிதான். சமையலறையில் கண்ணாடி டம்ளர் ஒன்று கைநழுவி உடைந்திருந்தது. துடைப்பத்தை எடுக்க அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், காலைச் சவாரி முடிந்து ஷூவைக் கழற்றிப்போட்டு வந்த தலைவர், சில்லுகளின் மேல் ஜம்மென்று நடந்துபோய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என்னங்க! காலு!"

"காலுக்கென்ன? கல்லு மாதிரி இருக்கு."

"கீழ பாருங்க முதல்ல!"

பார்த்தார். தூக்கிய வலது உள்ளங்காலில் ஒரு துண்டு செங்குத்தாக ஏறி நின்றது.

"வலிக்கலையா?"

"இல்லியே" என்றார் பெருமையாக. அதற்குப் பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்தது. பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் என்றால் சைக்கிள் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்தை ஆரம்பித்ததும் அவர், விதிகளை எழுதியதும் அவர், அவற்றுக்குக் கை தட்டியதிலும் முதல் கை அவருடையதே. சவாரியில் பாதம் எரிந்தால் அது பயிற்சி. மரத்துப்போனால் அது யோகசித்தி. இதுதான் சங்கத்தின் தத்துவம். ஷூ ஒரு அளவு சின்னதாக இருக்கவேண்டும். பட்டையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கவேண்டும். விரல் இருப்பது தெரியாமல் போனவருக்கு 'அரை மரத்தார்', பாதம் இருப்பதே தெரியாமல் போனவருக்கு 'முழு மரத்தார்' என்று பட்டம். முழு மரத்தார்கள்தான் வரிசையில் முன்னால் போகலாம். அந்தப் பட்டத்தைப் போன வாரம்தான் சால்வையோடு வாங்கியிருந்தான் அவர் மனைவியின் தம்பி.

மருத்துவமனையில் டாக்டரம்மா கண்ணாடியை எடுத்துத் தையல் போட்டார். பாதத்தின் குறுக்கே பட்டை பதிந்த தடத்தைப் பார்த்ததும் ஷூவைக் கொண்டுவரச் சொன்னார். மனைவி ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

"இது உங்க பையனோட ஷூவா?"

"என்னோடதுதான்" என்றார் தலைவர்.

"சைக்கிள் மிதிக்க மிதிக்க கால் வீங்கும் சார். உள்ள விரல அசைக்க இடம் வேணும். பட்டைய நடுநடுவுல தளர்த்தணும். ஷூவுக்கு அடியில பெடலைக் கவ்வுற கொக்கியை இப்படி விரல்கிட்ட வச்சா நரம்பு நசுங்கத்தான் செய்யும். கொஞ்சம் குதிகால் பக்கம் தள்ளி மாட்டணும். மரத்தா உடனே இறங்கி, ஷூவக் கழட்டி, காலை உதறணும். நீங்க என்ன பண்ணீங்க?"

"பாராட்டினோம்" என்றாள் மனைவி.

சர்க்கரை இல்லை. உணர்வு மெதுவாகத் திரும்பும், ஆனால் இப்படியே மிதித்தால் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் மனைவி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"என் தம்பியும் இதே ஷூவத்தான மாட்டிட்டுத் திரியிறான்? நாளைக்கு நீள சவாரி வேற. இப்பவே சொல்லுங்க."

தலைவர் போன் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார், விதிகளை முழங்கிய வாய் அல்லவா!

"மாப்ள, கண்ணாடி குத்தி ரத்தம் கொட்டியிருக்கு, எனக்குத் தெரியவே இல்ல..."

"மாமா! சத்தியமாவா? எங்கயோ போயிட்டீங்க மாமா!"

"டேய், அது இல்லடா..."

"இருங்க, குரூப்ல போடுறேன்."

வாழ்த்துகள் வந்து குவிந்தன. கும்பிடும் கைகள், கிரீடங்கள், ஒரு சிங்கம். 'முழு மரத்தாருக்கு மேல் பட்டம் இல்லையே, புதிதாக ஒன்று வைக்கவேண்டும்' என்று செயலாளர் கவலைப்பட்டிருந்தார். படிக்கப் படிக்கத் தலைவருக்கு வியர்த்தது. தான் பேசிய பேச்சையெல்லாம் ஊரே திரும்பித் தன்னிடம் பேசுவதைப் போலிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கட்டுப் போட்ட காலோடு சவாரி கிளம்பும் இடத்துக்கு டாக்சியில் போய் இறங்கினார். கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் நின்ற மச்சினனிடம் நேராக நொண்டிப் போனார்.

"ஷூவக் கழட்டுடா."

"கிளம்பப் போறோம் மாமா. வர்ற வழியிலயே மரத்துடுச்சு, சூப்பரா இருக்கு!"

"நான் சொன்னதெல்லாம் தப்புடா. முட்டாள்தனம். கழட்டு."

கைதட்டல் நின்றது. சிரித்துக்கொண்டே அவன் கழற்றினான். விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. தலைவர் குனிந்து சுண்டுவிரலைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"என்ன மாமா, பாத்துட்டே இருக்கீங்க? கிள்ளப் போறீங்களா? கிள்ளுங்க பாப்போம்."

"கிள்ளிட்டுதான்டா இருக்கேன்."

மச்சினன் குனிந்து பார்த்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அவனுக்குப் பின்னால் வரிசை முழுவதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பட்டைகளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.