லக்‌ஷிகாவுக்கென்று வைத்தது

கார்த்திகை வானம் இலண்டன் ஈஸ்ட் ஹாமின் கூரைகள்மேல் நனைந்த கம்பளிபோல் தாழ்ந்து கிடந்தது. மழை பெய்வதாயுமில்லை, விடுவதாயுமில்லை. பகல் தயங்கித் தயங்கி வந்து, மாலைத் தேநீர் ஆறுமுன்னே விடைபெற்றுக்கொண்டது. கூதிர் என்று முன்னோர் பெயரிட்ட பருவம், பிரிவு புகுந்த வீட்டில் இருமடங்கு கனக்கும் என்பதை நகுலேஸ்வரி இப்போதுதான் அறிந்தாள். அன்று அவள் கணவர் சச்சிதானந்தனுக்கு எட்டுச் செலவு. இறந்த எட்டாம் நாள், மறைந்தவர் விரும்பியதையெல்லாம் படத்தின் முன் படைக்கும் நாள்.

மீன்குழம்புச் சட்டியோடு கூடத்துள் வந்தவள் அப்படியே நின்றாள். வாழையிலையருகே, கணவர் பொத்திவைத்திருந்த அந்த வைன் போத்தல் திறந்து நின்றது. தக்கை இரண்டாய் உடைந்து தரையில் கிடந்தது. ஹரோவிலிருந்து வந்திருந்த கணவரின் தமையன் சுப்பிரமணியன், படத்தின் முன் ஒரு கிளாஸை வைத்துவிட்டுத் தமக்கும் வார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"படிக்குக் கீழை அலுமாரியிலை. விஸ்கி கொண்டாறன் எண்டனான், மறந்துபோனன். தம்பியின்ரை சாமானைத் தம்பிக்கே படைப்பம் எண்டு திறந்தன். அதிலை என்ன பிழை?"

"அவர் ஒரு நாளும் வாயிலை வைக்கேல்லை."

"வைன் தோட்டத்திலை கிடந்தவன் வைக்கேல்லையோ? உந்தக் கதையை வெள்ளைக்காரனிட்டைச் சொல்லும்." சோபாவிலிருந்த உறவினர் குலுங்கிச் சிரித்தார். சுப்பிரமணியன் ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். "சீ, ஒரே துவர்ப்பு! பழுதாப்போச்சு. கோக் விட்டால்தான் இறங்கும்."

கோக் நுரைத்து விழுவதை நகுலேஸ்வரி பார்த்தாள். பிரான்சில் போர்தோவுக்கு அண்மையில், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் ஆண்டுவந்த திராட்சைத் தோட்டத்தின் நிலவறையில், அகதியாய் வந்த சச்சிதானந்தன் பீப்பாய் உருட்டினார். லக்‌ஷிகா பிறந்த ஆண்டின் அறுவடையில் வடித்த வைன் போத்தல் ஒன்றை அந்தக் குடும்பத்துக் கிழவி அவர் கையில் கொடுத்தாள். 'இப்போது இது முரடு. உன் மகள் வளரும்வரை இதுவும் இருட்டில் வளரட்டும். அவள் மணநாளில் திற' என்றாளாம். இலண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது பெட்டிகளையெல்லாம் வாகனத்தில் ஏற்றிவிட்டு, அந்தப் போத்தலை மட்டும் கைக்குழந்தைபோல் மடியில் கிடத்தி வந்தார். பழைய வேட்டியால் சுற்றிப் படுக்க வைத்தார். தூசி தட்டக்கூட அவளை விடமாட்டார். அசைந்தால் அதன் தூக்கம் கலையுமாம். அந்த மனிதரைத்தான் இந்தத் தமையன் ஒரு கல்யாண மண்டபத்தில், பத்துப் பேர் காதுபட, 'எங்கடை கள்ளுக்காரன்' என்று அறிமுகம் செய்தார். அன்று சச்சிதானந்தன் சிரித்துவைத்தார். அவளும் கூடச் சிரித்துவைத்தாள்.

சட்டியை இறக்கி வைத்தாள். நேரே நடந்து போத்தலை எடுத்துக்கொண்டாள்.

"இது என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு அவர் வைச்சது. திறந்ததை இனி மூடேலாது. லக்‌ஷிகா, இங்கை வா!"

யூனிவர்சிட்டியிலிருந்து வந்திருந்த மகள் மாடிப்படியில் நின்றாள். "அம்மா, ஆர் யூ ஷுவர்?"

"உமக்கென்ன விசரோ?" சுப்பிரமணியன் எழுந்துவிட்டார். "செத்த வீட்டிலை குமர்ப்பிள்ளைக்குக் குடிக்கக் குடுக்கப் போறீர். சனம் என்ன சொல்லும்?"

"நீங்கள் கோக் விட்டுக் குடிக்கேக்கை சனம் ஒண்டும் சொல்லேல்லை. அவளின்ரையை அவள் தொட்டால்தான் சனத்துக்கு வாய் வருமோ?"



"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஆர் கிரியைக்கு நிக்கிறது எண்டு பாப்பம்," என்றபடி சுப்பிரமணியன் கோட்டை எடுத்தார். தம்பிக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதை அவர் மறக்கவில்லை.

"அவரின்ரை மகள் நிப்பாள். நீங்கள் போயிட்டு வாங்கோ."

சோபாக்காரரும் செருமிக்கொண்டு பின்னால் போனார். கதவு அறைந்து சாத்தப்பட்டது.  நகுலேஸ்வரி சில்வர் தம்ளரில் கொஞ்சம் வார்த்து மகளிடம் நீட்டினாள்.

லக்‌ஷிகா கண்ணை மூடிக் குடித்தாள். "துவர்க்குதம்மா." சற்றுப் பொறுத்து, "பிறகு வேறை என்னவோ வருது."

"வரட்டும். அவசரப்படாதை."

தாய் படத்தின் முன் சம்மணமிட்டு அமர்ந்தாள். இலைச்சோறு ஆறிக்கொண்டிருக்க, பதிகம் ஒன்றை அடித்தொண்டையில், ஒரு பாட்டும் விடாமல் பாடினாள். முடிந்ததும் திருநீற்றை எடுத்து, அருகே மண்டியிட்டிருந்த மகளின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தாள். கை உச்சந்தலையிலேயே தங்கியது.

"நிறைஞ்சு வாழு, பிள்ளை."