மச்சினன் போட்ட காப்பி

லேத்காரருக்கு மச்சினன் மேல் பொறாமை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. சரியாக அந்த நேரத்துக்குத்தான் அவர் மனைவி, தம்பி போட்டுக் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா!" என்றாள்.

பதினாலு வருஷமாக அவர் போட்ட காப்பியைக் குடித்தவள் ஒரு நாளாவது "அப்பாடா" சொன்னதுண்டா? "சூடா இருக்கு" என்பாள். "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்பாள். மிஞ்சிப் போனால் "நேரமாச்சு". அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஆறரைக்கெல்லாம் வண்டியை எடுத்தாக வேண்டும். அவளுக்கு முன்னால் எழுந்து, பாத்திரத்தில் தண்ணீரும் தூளும் போட்டுக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, பால் விட்டு, கையில் கொண்டுபோய்க் கொடுப்பது கல்யாணமான மறுவாரத்திலிருந்து அவர் வேலை. யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. மனுஷனுக்குப் பேச வராது. பிறந்தநாள் மறந்துபோகும். அவள் தலைமுடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தபோதுகூட மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தார். மனைவிக்கென்று அவர் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அந்தக் காப்பிதான். அதிலும் இப்போது மண் விழுந்துவிட்டது.

மச்சினன் காதுக்கருவி பழுதுபார்க்கிறவன். இந்த ஊருக்கு மாற்றலாகி, வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை அக்கா வீட்டில் இருக்கலாம் என்று வந்திருந்தான். ஒரு பெட்டியில் துணிமணி, இன்னொரு பெட்டி நிறையக் காப்பி சாமான். சின்னத் தராசு, கூம்பு மாதிரி ஒரு வடிகட்டி, நீள மூக்குக் கெட்டில், உள்ளே இரண்டு எஃகுச் சக்கரம் வைத்த கை அரைப்பான். பதினெட்டு கிராம் கொட்டை என்றால் பதினெட்டுதான். ஒரு கொட்டை கூடினாலும் எடுத்துத் திரும்பப் பைக்குள் போடுவான். தண்ணீர் கொதித்தவுடன் ஊற்றிவிடவும் மாட்டான். அரை நிமிஷம் ஆறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். லேத்காரர் அவனுக்கு மனசுக்குள்ளேயே 'கிராம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"இந்தக் கொட்டை எங்கேருந்து வருது தெரியுமா மாமா?" என்று கிராம் ஒருநாள் கேட்டான்.

"கடையிலேருந்து."

மனைவி சிரித்துவிட்டாள். அதுவும் அவருடைய கணக்கில் ஏறியது.

"கடையில வாங்கினா யாரு விளைய வச்சாங்க, அவங்க கைக்கு என்ன போச்சுன்னு ஒண்ணுமே தெரியாது மாமா. நாங்க நாப்பது வீடு சேர்ந்து மலையில இருக்கற தோட்டக்காரங்ககிட்டயே வாங்கறோம். பழம் பறிக்கறதுக்கு முன்னாடியே விலை பேசிடுவோம். சந்தையில விலை விழுந்தாலும் பேசினது பேசினதுதான்."

பையின் மேல் ஏழு என்று பெரிதாக அச்சடித்திருந்தது. ஏழாம் எண் தோட்டத்துக்காரி ஒரு பெண். எந்தத் தேதியில் பறித்தாள், எத்தனை நாள் காயவைத்தாள், அவள் கைக்கு எவ்வளவு போனது எல்லாம் பின்பக்கத்தில் இருந்தது. மனைவி காப்பியைக் குடித்துக்கொண்டே அதை எழுத்துக்கூட்டாத குறையாக வாசிப்பாள். "ஏழாம் நம்பர் அம்மா பாவம், பதினெட்டு நாள் காயவச்சிருக்காங்க" என்பாள். லேத்காரரும் பதினாலு வருஷம் கொதிக்கவைத்திருக்கிறார். அதற்கு யாரும் பாவம் பார்க்கவில்லை.

ஒருநாள் வைராக்கியமாகக் கிராமுக்கு முன்னால் எழுந்து தன் பழைய காப்பியையே போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். மனைவி பாதி குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி இன்னும் எழுந்திருக்கலையா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அன்று முழுக்கப் பட்டறையில் அவர் கடைந்த பம்பு தண்டு எதுவும் அளவுக்கு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவும் தம்பியும் ஒரு வீட்டைப் பார்க்கப் போனார்கள். லேத்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரைப்பானைக் கழற்றினார். நல்ல வேலைப்பாடு. சக்கரமும் தண்டும் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தன. யார் கடைந்தார்களோ, கையில் எடுத்துக் கண்ணில் ஒத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அதைப் பார்த்ததும் வயிறு இன்னும் எரிந்தது. சட்டைப்பையிலிருந்து பட்டறைப் பித்தளைத் தகட்டை எடுத்தார். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. அதைப் பிறை மாதிரி வெட்டி, பேரிங்குக்கு அடியில் ஒரு பக்கமாகச் செருகி, பழையபடி முடுக்கினார். வெளியே பார்த்தால் பிரம்மாவுக்கும் தெரியாது. உள்ளே ஒரு சக்கரம் லேசாகச் சாய்ந்து, கொட்டையைப் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் அரைக்கும்.

மறுநாள் கிராம் ஏழாம் எண்ணின் புதுப் பையைப் பிரித்தான். இது லேத்காரர் எதிர்பார்க்காதது.

முதல் வாய்க்கே மனைவியின் முகம் கோணியது. "என்னடா தம்பி, கசக்குது, புளிக்கவும் செய்யுது?"

கிராம் குடித்துப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் தண்ணீரை மாற்றினான். அதற்கு மறுநாள் ஒரு நிமிஷம் முழுக்க ஆறவிட்டான். தராசையே இன்னொரு தராசில் வைத்து எடை பார்த்தான். ஒன்றுக்கும் காப்பி மசியவில்லை. புதன்கிழமை மனைவி, "என்னங்க, நீங்களே ஒண்ணு போடுங்க, நேரமாச்சு" என்றாள். லேத்காரர் காற்றில் நடந்து அடுப்படிக்குப் போனார்.

"சூடா இருக்கு" என்றாள் குடித்துவிட்டு. அன்றைக்கு அவருக்கு அது போதும்.

வியாழக்கிழமை கிராம் அரைத்த தூளை வெள்ளைத் தாளில் பரப்பி, விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தான். "பாருங்க மாமா. இது மாவு, இது நொய். கொட்டை சீரா காயல. அரை ஈரத்துல இருந்தாத்தான் இப்படிக் கன்னாபின்னான்னு உடையும்."

"அரைப்பான்ல எதாவது கோளாறா இருக்குமோ?" என்றாள் மனைவி.

"இதுலயா? சான்ஸே இல்லக்கா."

இந்த இடத்தில் லேத்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "சேச்சே, அது நல்ல மெஷினாச்சே" என்றார். முப்பது வருஷம் இரும்போடு பழகியவர் சொன்னால் அப்பீல் ஏது? கிராம் அங்கேயே உட்கார்ந்து, தோட்டக்காரர்களும் இருக்கும் நாற்பது வீட்டுக் குழுவுக்குச் செய்தி அனுப்பினான்: ஏழாம் எண் கொட்டை இந்தத் தடவை சரியாகக் காயவில்லை, யாரும் பையைப் பிரிக்க வேண்டாம். அவன் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. சாயங்காலத்துக்குள் ஏழாம் எண்ணின் அடுத்த மூட்டைகளையும் நிறுத்திவைக்க முடிவாயிற்று.

லேத்காரருக்கு மனசு குறுகுறுத்தது. ஆனாலும், எங்கேயோ மலையில் இருக்கும் ஒருத்தி, முகம் தெரியாதவள், நாலு மூட்டையை வேறு யாருக்காவது விற்றுக்கொள்வாள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் காப்பி அவர்தான் போட்டார்.

சனிக்கிழமை மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தபோது கிராமின் கைபேசிக்கு ஒரு குரல்செய்தி வந்தது. ஏழாம் நம்பர் அம்மா பேசியிருந்தாள். மனைவி சத்தமாக வைக்கச் சொன்னாள்.

"வணக்கம் தம்பி. உங்க செய்தியைப் படிச்சேன். பதினெட்டு நாளும் நானேதான் கிளறி விட்டேன், எங்க தப்பாச்சுன்னு தெரியல. ஒருநாள் மழை வந்தப்ப எங்க வீட்டுக்காரரு தார்ப்பாய் போட அஞ்சு நிமிஷம் லேட்டாப் போனாரு. அதனாலதான் இருக்கும். ரெண்டு நாளா அவரோட நான் பேசல. நான் போட்டுட்டேன் போட்டுட்டேன்னு அவரும் சொல்லிட்டுத்தான் இருக்காரு. யாரு நம்புறது? எல்லா வீட்டுக்கும் கெட்ட கொட்டையைக் குடுத்துட்டமேன்னு எனக்குச் சோறு இறங்கல. பையெல்லாம் திருப்பி அனுப்பிடுங்க. வேற கொட்டை என் செலவுல அனுப்பறேன்."

லேத்காரருக்கும் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாதவள் விஷயத்தில் அவர் மனசை ஒரு மாதிரி சமாளித்து வைத்திருந்தார். இந்தப் புருஷன் எங்கிருந்து வந்தான்? செய்யாத தப்புக்கு ஒருவன் மலைமேல் பெண்டாட்டியிடம் இரண்டு நாளாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

"அவர் மேல தப்பில்ல" என்றார்.

"யார் மேல?" என்றாள் மனைவி.

"அந்த வீட்டுக்காரர் மேல. கொட்டை மேலயும் இல்ல." எழுந்து போய் அரைப்பானை எடுத்துவந்து, அவர்கள் கண் முன்னாலேயே கழற்றி, பித்தளைப் பிறையைச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

கிராம் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "ஏன் மாமா?"

"சும்மா."

"சும்மாவா?" மனைவி டம்ளரை நங்கென்று வைத்தாள். "அந்தம்மா சாப்பிடாம கெடக்கறாங்க, உங்களுக்குச் சும்மாவா? புகார் நாப்பது வீட்டுக்குப் போச்சுல்ல, இதுவும் நாப்பது வீட்டுக்கும் போகணும். நீங்களே உங்க கையால எழுதுங்க. மெஷின் கோளாறுன்னு மழுப்பினீங்கன்னா, அப்புறம் இருக்கு."

கிராம் தன் கைபேசியிலிருந்து அவரைக் குழுவில் சேர்த்துவிட்டான், அக்காவையும் சேர்த்தான். லேத்காரர் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார். 'ஒரு தவறு நடந்துவிட்டது' என்று எழுதி அழித்தார். 'அரைப்பானில் தகடு வைத்தது நான்' என்று எழுதினார். படித்துப் பார்த்தால் அவருக்கே நம்பும்படி இல்லை. ஏன் வைத்தாய் என்று கேட்க மாட்டார்களா? தோட்டக்காரியைக் காப்பாற்ற யாரோ கதை கட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். காரணத்தையும் எழுதினால்தான் அந்த மூட்டைகள் மலையிலிருந்து கீழே இறங்கும். அதை எழுத அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அனுப்பிவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கைபேசி துடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கிராம்தான் வந்து, பக்கத்தில் நின்று, வாசித்துச் சொன்னான். ஏழாம் எண் மூட்டைகளை உடனே அனுப்பச் சொல்லிவிட்டார்கள். குழுவில் ஒரு வீட்டுக்காரி, இதை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன் என்று எழுதியிருந்தாள். ஏழாம் நம்பர் அம்மாவே பதில் போட்டிருந்தாள்: 'சரிங்க. இப்ப எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். அது உங்களால.'

"மாமா," என்றான் கிராம். "நான் வேணும்னு பண்ணல."

"தெரியும் மாப்ள. அதான் இன்னும் எரிஞ்சது."

கிராம் உள்ளே போனான். மனைவி கைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். பேருந்துக்குள் பிள்ளைகளை அதட்டும் குரலில் வாசித்தாள்.

"'எனக்குப் பேசத் தெரியாது. பதினாலு வருஷமாக என் மனைவி மேல் இருக்கிற பிரியத்தைக் காலையில் ஒரு டம்ளர் காப்பியில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவன் அதைவிட நல்ல காப்பி கொடுத்து, அவள் சந்தோஷப்பட்டதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால் இப்படிச் செய்துவிட்டேன்.'" நிறுத்தினாள். "நீங்க எழுதினதா இது?"

"ஆமா."

"தம்பி சொல்லிக் குடுத்தானா?"

"இல்ல."

திரும்பவும் ஒருமுறை, இந்தத் தடவை சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய வாசித்தாள். திட்டு விழும் என்று அவர் காத்திருந்தார். மன்னிப்புக் கேட்கலாமா என்றும் யோசித்தார். அவள் நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"பிரியம்னு எங்கிட்ட ஒரு தடவையாவது வாயைத் தொறந்து சொல்லியிருக்கீங்களா?"

அவர் குனிந்து, கவிழ்த்து வைத்த கைபேசியைப் பார்த்தார்.

"ஊர் பேர் தெரியாத நாப்பது வீட்டுக்காரங்களுக்குச் சொல்ல வருது. அவங்க எனக்கு முன்னாடி படிச்சுட்டாங்க. அந்தப் பொம்பளை அதை அவ புருஷனுக்கு வேற படிச்சுக் காட்டறா. அவளுக்கு என்ன வந்தது? யாருக்கு எழுதினது இது, அவளுக்கா?"

லேத்காரர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அந்தக் குரலில் இருந்தது வெறும் கோபமில்லை. அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அதோடுதான் அவர் குடித்தனம் நடத்தியிருந்தார்.