இரண்டாவது மூன்று

எங்கள் கிடங்கில் ஒரே எண் இரண்டு மூட்டைகளில் இருக்கக் கூடாது. லாரியில் இருந்து இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பதினேழு இரண்டு தடவை வந்தால் இரண்டாவது பதினேழை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதுவோம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷமாக எழுதி எழுதி, பென்சில் கிடைத்தால் கை தானாகப் போய்விடும். அந்தக் கைதான் அன்றைக்கு என் காலை வாரியது.

என் மகள் டேக்வாண்டோ ஆடுகிறவள். காலால் உதைக்கிற விளையாட்டு. வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவாள். களத்தில் எதிராளியின் தலைக்கே காலை வீசுவாள். இந்த வருஷம் வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுப் போட்டிக்குத் தேர்வாகி விமானம் ஏறினாள். அவள் கிளம்பும்போது என் மனைவி புத்தி சொன்னது அவளுக்கு இல்லை, எனக்கு.

"அவ ஜெயிச்சாலும் தோத்தாலும் நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க. போன வருஷம் பட்டது போதும்."

போன வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தவளிடம், "அடிபடாம வந்தியே, அதுவே போதும்" என்றேன். ஆறுதல் என்றுதான் நினைத்தேன். "அடி வாங்காம வர்றதுக்கா நான் போனேன்?" என்று கேட்டவள், பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் கேட்டால் டம்ளரை வைக்கிற சத்தம்தான் பதில். பேச ஆரம்பித்த பிறகும் விளையாட்டைப் பற்றி மட்டும் என்னிடம் மூச்சு விடுவதில்லை. எல்லாம் அம்மாவிடம்தான். இந்தத் தடவையாவது சரியான வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்கிப் பழகியவனுக்கு வார்த்தையைத் தூக்குவதுதான் சிரமம்.

போட்டியன்று மத்தியானம், கிடங்குக் கணக்கர் கணினியில் முடிவுப் பட்டியலைத் தேடிப் பிடித்து அச்செடுத்துக் கொடுத்தார். "நான் இன்னும் பாக்கலைய்யா. லாரிக்காரன் கத்தறான், நீயே படிச்சுக்கோ" என்று வாசலுக்கு ஓடினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கை கழுவாமலே சூழ்ந்துகொண்டார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெண்கள், நாற்பத்தொன்பது கிலோவுக்குள்.

"நாப்பத்தொன்பதா?" என்றான் ஒட்டகம். முதுகு வளைந்து போனதால் அவனுக்கு அந்தப் பெயர். "நம்ம சிமெண்ட் மூட்டையே அம்பதுடா. உன் பொண்ணு ஒரு மூட்டைக்கு ஒரு கிலோ கம்மி!"

"அந்த ஒரு கிலோ கம்மி ஒரு உதை விட்டா, நீ லாரிக்கு அந்தப் பக்கம் போய் விழுவே."

கீழே நான்கே பெயர்கள். முதல் பெயருக்கு எதிரில் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று. கடைசியாக என் மகள் பெயர். அதற்கு எதிரிலும் மூன்று.

"எண்ணு தப்பா விழுந்திருக்கு" என்றான் ஒட்டகம்.

காதிடுக்கில் இருந்த பென்சிலை எடுத்தேன். இரண்டாவது மூன்றை அடித்தேன். நான்கு என்று அழகாக எழுதினேன்.

எழுதி முடித்த பிறகுதான் நெஞ்சில் இறங்கியது. நாலாவது. பதக்கம் இல்லை.

"விடுடா, உலகத்துலயே நாலாவது" என்று ஒட்டகம் முதுகைத் தட்டினான். "நான் எங்க வீட்டுலயே அஞ்சாவது."

அவன் வீட்டில் இருப்பதே நாலு பேர் என்று நான் சொல்லவில்லை. நாயையும் சேர்த்திருப்பான்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் துணி வெளுக்கும் ஆலையில் வேலை; இயந்திர இரைச்சலில் போன் கத்திக் கத்தி ஓய்ந்தது. மகள் அழுதுகொண்டிருப்பாளே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே எழுதிவிடுவது என்று போனை எடுத்தேன்.

"தோல்விதான் வெற்றிக்கு முதல் படின்னு போடு" என்றான் ஒட்டகம்.

"அதெல்லாம் சுவத்துல எழுதறது. பாரத்துக்கு எந்த ர?"

"கனமா இருக்குல்ல? பெரிய ற போடு."

'பாப்பா, நாலாவது வந்தால் என்ன. பதக்கம் என்பது கழுத்தில் தொங்கும் பாறம். இந்த வீட்டில் பாறம் சுமக்க நான் ஒருவன் போதும்.' அனுப்பிவிட்டேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

ஐந்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அப்பா, யாரு நாலாவது?"

"மறைக்காதம்மா. தாள் என் கையிலதான் இருக்கு."

"தாள்ல நாலுன்னா போட்டிருக்கு?"

"போட்டிருக்கு."

"யாரு போட்டது?"

நான் தாளைப் பார்த்தேன். ஒட்டகம் என்னைப் பார்த்தான்.

"நான்தாம்மா."

மறுமுனையில் சிரிப்பு. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். யாரிடமோ, "எங்கப்பா என் பதக்கத்தைப் பென்சிலால பிடுங்கிட்டாரு" என்று சொல்வதும் கேட்டது.

"இதுல மூணாவது ரெண்டு பேருப்பா. அரையிறுதியில தோத்த ரெண்டு பேருக்கும் வெண்கலம். என் கழுத்துல தொங்குது. கனம் ஒண்ணும் இல்ல, சின்ன ர போட்டாலே போதும்."

"ரெண்டு மூணா? எங்க கிடங்குல இப்படிப் பண்ணா வெளிய அனுப்பிருவாங்க."

"சரி, இப்பச் சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"மூணாவது வந்தவகிட்ட என்ன சொல்லுவியோ, அது."

 இருந்த சரக்கெல்லாம் நாலாவதுக்குச் செலவாகிவிட்டது.  மனதில் உறுத்தியதையே கேட்டுவிட்டேன்.

"அரையிறுதியில எப்படிம்மா விட்டே?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஜெயித்தவளிடம் தோற்ற கதையைக் கேட்கிற அப்பனை என்ன சொல்ல! அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம். இரைச்சல் அடங்கியது.

"முதல் ரவுண்டு எனக்குத்தாம்ப்பா" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "அவ என்னைவிட ஒரு முழம் உயரம். ஆனா இடது கால்ல வரும்போது தோளைக் கொஞ்சம் இறக்குவா. அதைக் கண்டுபிடிச்சுட்டேன். அதுதான் என் தப்பு. அதையே பாத்துக்கிட்டு இருந்தேனா, ரெண்டாவது ரவுண்டுல வலது காலைத் தூக்கிட்டா…"

நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. மூட்டையோடு என்னைக் கடந்து போன ஒட்டகம், "உன் பங்கையும் சேத்து நானா தூக்கணும்?" என்று பல்லைக் கடித்தான்.

"சும்மா இருடா. மூணாவது ரவுண்டு ஆரம்பிக்குது."

அவன் மூட்டையை இறக்கிவைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"அப்போ ஸ்பீக்கர்ல போடுடா."