முடுக்கை அடைத்த டாங்கி

ஐஸ் பெட்டி பாதி முடுக்கில் சிக்கிக்கொண்டது. முன்னால் பிடித்தவன் இழுத்தான், பின்னால் பிடித்தவன் தள்ளினான். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் டாங்கி. இரண்டும் அசைந்து கொடுப்பதாக இல்லை. தகரத்தில் கண்ணாடி உரசிய சத்தத்தில் பல் கூசியது.

"இது போவாது கேட்டோ," என்று பெட்டிக்காரன் கீழே இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தான். "சாவு வீட்டுக்கு ஒரு வழி வேண்டாமா? யாரு கொண்டுவந்து வச்சது இந்தச் சனியன?"

"வச்ச ஆளுக்குத்தான் உங்க பெட்டி," என்றாள் ஷிஜா. அவன் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

உள்ளே பெஞ்சில் அவளுடைய அப்பா பிச்சைக்கனி கிடந்தார். விடிவதற்கு முன்பே, தூக்கத்தில், ஒருவரையும் எழுப்பாமல் போய்விட்டார். செத்தும் வழியை மறிக்கிறாரே என்று ஷிஜாவுக்கு ஆத்திரமாக வந்தது. அழ வேண்டிய நேரத்தில் ஆத்திரம் வருகிறதே என்று அதற்கும் சேர்த்து ஒரு ஆத்திரம்.

பிச்சைக்கனி சினிமாவுக்கு செட் போடுகிற தச்சர். ஆரியசாலையில், அரிசி மண்டிகளுக்குப் பின்னால் இருந்த இந்த முடுக்கில் கடைசி வீடு அவருடையது. முதல் உலகப்போருக்குப் போன நம்மூர்ச் சிப்பாய்களைப் பற்றிப் படம் எடுக்கிறோம், பதுங்குகுழி மேல் ஏறிப் போகிற அந்தக் காலத்து டாங்கி ஒன்று வேண்டும் என்று கேட்டு ஒரு கம்பெனி வந்தது. அதோடு பிடித்தது ஏழரை. பழைய போட்டோக்களைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு மனிதர் ராத்திரி பகலாக உட்கார்ந்தார். பட்டறையில் இடம் போதவில்லை என்று முடுக்கிலேயே சட்டம் அடித்தார். சாய்சதுரமாக ஓர் உடம்பு, அதைச் சுற்றி மேலும் கீழும் ஓடுகிற சங்கிலிப் பட்டை, விலாவில் பீரங்கி நீட்டுகிற பெட்டி ஒன்று. மண்டிச் சுவரை ஒட்டிய பக்கத்தில் இன்னொரு பெட்டி வைக்க இடமில்லாததால் அந்த விலா மட்டும் மொட்டையாக நின்றது. ஆணி ஒவ்வொன்றுக்கும் தலை வைத்தார். அசலில் எட்டுப் பேர் எஞ்சினோடு உள்ளே வெந்து கிடப்பார்களாம், ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குக் கேட்காதாம், ஸ்பேனரால் தகரத்தில் தட்டித்தான் சேதி சொல்வார்களாம். இதையெல்லாம் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்வார்.

படம் நின்றுபோனது. டாங்கியை எடுக்க லாரி வரவே இல்லை. உடைத்து விறகுக்குப் போடுங்கள் என்றாள் அம்மா பேச்சி. மாட்டேன் என்றார். அது இங்கே நிற்கிற வரைக்கும் உங்களிடம் ஒரு வார்த்தை பேசினால் நான் எங்கப்பனுக்குப் பிறக்கவில்லை என்றாள். சரி என்றார். அவ்வளவுதான். ரெண்டு வருஷம்! ஒரே கூரை, ஒரே உலை, பேச்சு மட்டும் கிடையாது. அவர் பகலெல்லாம் டாங்கிக்குள் கிடப்பார். டீ வேண்டுமென்றால் ஸ்பேனரால் தட்டுவார். அவள் டம்ளரைக் கொண்டுபோய்ப் பீரங்கிப் பெட்டிமேல் ணங்கென்று வைத்துவிட்டு வருவாள். விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று ஊரெல்லாம் சொன்னது. அந்த வீட்டில் இருவரும் கெட்டுப்போகவே தயாராக இருந்தார்கள்.

அதில் நிஜமாகக் கெட்டது ஷிஜாதான். போன வருஷம் மார்த்தாண்டத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் பருத்த உடம்பு. சுவருக்கும் பீரங்கிப் பெட்டிக்கும் நடுவில் அந்த அம்மாள் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் கத்தி, கடைசியில் பட்டுச்சேலை ஆணித்தலையில் கிழிந்து வெளியே வந்தாள். காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்கள். வாசலில் பீரங்கி வைத்திருக்கிற வீட்டில் பெண்ணெடுக்க எங்களுக்கு என்ன தலையெழுத்தா என்று போனில் வந்தது பதில். மாப்பிள்ளையை ஷிஜாவுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏ பேச்சி!" என்று உள்ளேயிருந்து சத்தம் கிளம்பியது. அப்பாவின் அக்கா உலகம்மாள் திருநெல்வேலியிலிருந்து காரில் வந்து இறங்கியிருந்தாள். முடுக்கில் உடம்பை ஒருச்சாய்த்து நுழைந்த கோபம் இன்னும் தீரவில்லை. "எந்தம்பிய எந்த வழியாக் கொண்டுபோகப் போறிய? பாடை எப்பிடி வெளிய போவும்?"

"பொறவாசல் இருக்கு," என்றாள் அம்மா. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஓட்டல்காரன் எச்சித்தண்ணி ஓடுத சாக்கடை வழியாவா? அவன் என்ன நாதியத்தவனா? முன்வாசல் வழியா வந்தவன் முன்வாசல் வழியாத்தான் போவணும்."

"அவரு அடச்ச வழி மைனி. அவரே தெறந்துக்கிடட்டும்."

"பாத்தியளா, பாத்தியளா! செத்தவங்கிட்டயும் மல்லுக்கு நிக்கா!" அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊர்வாயை உலைமூடி போட்டு மூடவா முடியும்? நாளைக்குச் சாலைக்கடை முழுக்க இதுதான் பேச்சு.

ஆம்புலன்ஸ் ரோட்டில் வந்து நின்று ஹாரன் அடித்தது. சாந்திகவாடம் சுடுகாட்டில் உச்சிப்பொழுதுக்கு முன்னால் வரச் சொல்லியிருந்தார்கள். ஷிஜா வெளியே வந்தாள். அப்பாவோடு வேலை செய்த வெல்டர் லிஜோ டாங்கிக்குப் பக்கத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"லிஜோ சேட்டா, கட்டர் இருக்கா?"

"உண்டு மோளே. வண்டியில உண்டு."

"கொண்டு வாங்க. இத அறுத்துப் போடுங்க."

லிஜோ டாங்கியை அண்ணாந்து பார்த்தான். "கனிச்சேட்டன் அகத்து கிடக்கும்போழோ? எனக்குக் கை வராது மோளே."

"அப்போ என்கிட்ட தாங்க. நான் அறுக்கேன்." சொல்லும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. இந்தத் தகரம் கிழிகிற சத்தத்தை அப்பா கேட்க வேண்டும். கேட்க மாட்டார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"கை வைக்காத."

அம்மா வாசற்படியில் நின்றாள். "தாலி கட்டுனவன் கெடக்கையில வாசப்படி எறங்குதாளே, பாவி!" என்று பின்னால் அத்தை கத்தியது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இறங்கி வந்து பீரங்கிப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"ஷிஜா, டாங்கிக்குள்ள போ. பெட்டி சேருத எடத்துல அடியில ஒரு கம்பி இருக்கும். அத உருவு. நான் இங்கேருந்து தள்ளுதேன். பெட்டி உள்ள போயிரும்."

"என்னது?"

"ரயில்ல ஏத்துதப்போ இடிக்குமாம். அதுக்காக அந்தக் காலத்துலயே அப்பிடித்தான் செஞ்சானாம், உள்ள தள்ளுத மாதிரி. படக்காரன் கேக்கல. இவருதான் போட்டோவப் பாத்துச் செஞ்சாரு. ஒராளு உள்ள, ஒராளு வெளிய நிக்கணும். ஒத்தையில முடியாது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாந்தான கூட நின்னு மாட்டுனேன்."

ஷிஜாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. "அப்போ... அன்னைக்கு? அவங்க வந்தப்போ?"

அம்மா தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கேன்ல? அந்தம்மா இதுல மாட்டிக்கிட்டு கத்துனப்போ நீ காப்பி டம்ளரோட நின்னுட்டிருந்த. அப்பா இதுக்குள்ள இருந்தாரு. ரெண்டு பேருக்கும் தெரியும். அப்பிடித்தான?"

"அவரு கூப்பிடட்டும்னு நான் இருந்தேன்," என்றாள் அம்மா.

"அவரு?"

"நான் போய்க் கேக்கட்டும்னு இருந்திருப்பாரு."

"நீங்கல்லாம் மனுசங்களா?" ஷிஜாவின் குரல் முடுக்கு முழுக்கக் கேட்டது. "உங்க வீம்புக்கு நாந்தான் கெடச்சனா? பெத்த பிள்ளைய நடுவுல வச்சு நசுக்கிட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்னு பாத்துட்டிருந்திருக்கீங்க! உன்ன நான் மன்னிக்கவே மாட்டேன். அவரையும்தான்."

"மன்னிக்காண்டாம். உள்ள போ."

ஆம்புலன்ஸ் மறுபடி ஹாரன் அடித்தது. லிஜோ பின்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். ஷிஜா குனிந்து உள்ளே போனாள். இதற்குள் அவள் வந்ததே கிடையாது. வெயிலில் காய்ந்த தகரம் அனலாக இருந்தது. பீடி நாற்றம், பெயிண்ட் நாற்றம். ஒரு பாய், ஒரு தலையணை. மண்டியிட்டுப் பெட்டிக்கு அடியில் துழாவினாள். கம்பி அகப்பட்டது. கையெல்லாம் வழவழவென்று ஒட்டியது. வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். புதுக் கிரீஸ். ரெண்டு வருஷம் அசைக்காத கம்பி, துளித் துரு இல்லை. பெட்டி ஓடவேண்டிய தண்டவாளத்திலும் நெடுக கிரீஸ் பூசியிருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே அம்மா தோளைக் கொடுத்துப் பெட்டியில் சாய்வது கேட்டது.

"ஏங்க, கம்பிய எடுத்தாச்சா?"

அத்தையின் ஒப்பாரி பாதியில் நின்றது. அம்மா தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. ஷிஜா கம்பியை உருவினாள்.

"எடுத்தாச்சு," என்றாள்.

பெட்டி சத்தமே இல்லாமல் உள்ளே வந்தது. அவளை மூலையில் ஒதுக்கிவிட்டு நின்றது. இனி அது வெளியே போகிற வரைக்கும் அவளால் எழுந்திருக்க முடியாது. கண் வைத்துப் பார்க்கிற பிளவு ஒன்று முகத்துக்கு நேராக இருந்தது. அதன் வழியாகச் சுவரும், திறந்துகிடந்த வழியும், தகரத்தோடு ஒட்டி நின்று பெட்டியை அழுத்தியிருந்த அம்மாவின் கையும் தெரிந்தன.

பாடை வந்தது. முன்னால் இருவர், பின்னால் இருவர். முதலில் வெள்ளைத் துணியால் கட்டிய கால் பெருவிரல்கள், பிறகு மாலை, பிறகு முகம். எதிலும் இடிக்காமல் போனது. கூட்டமும் பின்னால் போனது.

"கைய விட்டோ சேச்சி," என்று லிஜோ மெதுவாகச் சொல்வது கேட்டது. "அது இனி தானா வெளிய வராது."

அம்மா கையை எடுக்கவில்லை.